ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

வசந்தாமணிக்குப் பொறாமை பசியைப் போல. வேளை தவறாமல் வரும். காலையில் வாசல் தெளிக்கும்போது பக்கத்து வாசலில் அதற்குள் கோலம் முடிந்திருந்தால் வரும். மத்தியானம் பக்கத்து வீட்டுக் குக்கர் தன் குக்கருக்கு முன்னால் கூவினால் வரும். வந்துவிட்டால் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்து அப்பியது போல் எரியும். ஆனால் முகத்தில் சிரிப்பு மாறாது. "என்ன மைதிலி, அதுக்குள்ள சமையல் ஆயிப்போச்சா?" என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

பக்கத்து வீடு அந்நியர் வீடல்ல. எருமப்பட்டிக்கு அருகே ஒரே தோட்டத்தில், ஒரே நடுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு, ஒரே அளவில் இரண்டு வாசல்களோடு நிற்கும் அந்த வீடுகள் அண்ணன் தம்பி இருவருடையவை. மூத்தவன் சென்னியப்பனின் மனைவி வசந்தாமணி. இளையவன் சந்தோஷ்குமாரின் மனைவி மைதிலி.

பதினெட்டு வருடத்துக்கு முன் வசந்தாமணி அந்த வீட்டுக்கு வந்தபோது அவள் ஒருத்திதான் மருமகள். ஏழு வருடம் கழித்து, பட்டப்படிப்பு படித்துவிட்டு, ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு மைதிலி வந்தாள். அன்றிலிருந்து எல்லாம் இரண்டாகப் பிரிந்தது. மாமியார் உயிரோடு இருந்தவரை ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். குலசாமி கோயிலில் கிடாய் வெட்டினால் பங்காளிகளுக்குக் கறியைக் கூறு போடுவார்கள் அல்லவா? இந்தக் கூறில் ஒரு துண்டு ஈரல் விழுந்தால் அந்தக் கூறிலும் ஒரு துண்டு விழ வேண்டும். வீட்டையும் மாமியார் அப்படித்தான் நடத்தினார். மூத்தவளுக்கு மிக்ஸி என்றால் இளையவளுக்கும் மிக்ஸி. இளையவளுக்குப் பட்டு என்றால் மூத்தவளுக்கும் அதே கரைப் பட்டு. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு கூறு பார்க்கும் பொறுப்பை வசந்தாமணி தானே எடுத்துக்கொண்டாள். அவளுடைய கண்ணே தராசு.

அந்தத் தராசு ஒரு மனிதனின் உயிரையே நிறுத்துப் பார்க்கப்போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அண்ணன் தம்பி இருவருக்கும் போர்வெல் ரிக்கில் வேலை. சென்னியப்பன் மிஷின் ஆபரேட்டர். இருபது வருடமாக ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பூமியைத் துளைத்தவன். சந்தோஷ்குமார் அதே வண்டியில் ஸ்டோர் பார்ப்பவன். இங்கே வேலை குறைந்துபோக, அவர்களுடைய ரிக் முதலாளி தான்சானியாவுக்கு இரண்டு வண்டி அனுப்ப முடிவு செய்தார். இருவர் பெயரும் பட்டியலில் வந்தது. மூத்தவனும் போகிறான், இளையவனும் போகிறான், ஒரே நாள், ஒரே விமானம். வசந்தாமணியின் தராசு முதல்முறையாக ஆடாமல் நின்றது.

"போறதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்து மலேரியாவுக்கு மாத்திரை எழுதி வாங்கணும். அது இல்லாம ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்" என்றார் முதலாளி. அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன முறை போய் வந்த ஒரு ஆள், ஊருக்குத் திரும்பியதும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டான். மூன்றாம் வாரம் காய்ச்சல். ஆப்பிரிக்கா போய் வந்ததை உள்ளூரில் சொல்லவும் இல்லை. நினைவு தப்பிய பிறகுதான் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தது பெரும் பாடாகிவிட்டது.

ஆக, ஒரு சனிக்கிழமை காலை, நான்கு பேரும் சேலம் அஸ்தம்பட்டியில் டாக்டர் அறிவுமதியின் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டருக்கு வசந்தாமணி வயதுதான் இருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நிதானமான பேச்சு. "ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. கூட வந்தவங்க வெளியில இருங்க" என்றார்.

சந்தோஷ்குமார் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டான். சென்னியப்பன் போனான். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. வசந்தாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள். வீட்டில் வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல் இருக்கிற மனுஷன், முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடம் இவ்வளவு நேரம் என்ன பேசுகிறார்?

உள்ளே நடந்தது இதுதான்.

"வலிப்பு வந்திருக்கா? மனசு சரியில்லாம, தூக்கம் இல்லாம, அதுக்காக எப்பவாவது மருந்து சாப்பிட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார். சென்னியப்பன் தலை குனிந்தான். "உங்க வீட்ல தெரிய வேண்டாம்னா நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்கிட்ட மறைச்சா நான் தப்பான மாத்திரை எழுதிடுவேன். அதுக்காகத்தான் கேக்கறேன்."

இருபது வருடம் பூட்டிக் கிடந்த கதவு அந்த ஒரு வார்த்தையில் திறந்துகொண்டது.

"இருபத்தஞ்சு வயசுலீங்க... அப்பா செத்துப்போனாருங்க. அப்பறம் எனக்கு எதுவுமே புடிக்கலீங்க. தூக்கமில்ல. கெணத்தப் பாத்தா உள்ள வான்னு கூப்புடற மாதிரி இருக்கும். அம்மாவும் தம்பியும் சேலத்துக்குக் கூட்டியாந்து ஒரு வருசம் வைத்தியம் பாத்தாங்க. நல்லாயிருச்சுங்க. கல்யாணத்தப்ப சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லிப்போட்டாங்க. அவளுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க."

டாக்டர் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார். "நல்லவேளை சொன்னீங்க. வாரத்துக்கு ஒண்ணு போடற மாத்திரை ஒண்ணு இருக்கு. மெஃப்ளோக்வின்னு பேரு. அது உங்களுக்கு ஆகவே ஆகாது. ஆறிப்போன நோவை மறுபடி எழுப்பிடும். உங்களுக்கு தினமும் போடற மாத்திரை தரேன்."

பிறகு நான்கு பேரையும் உள்ளே அழைத்துப் பொதுவாகச் சொன்னார். சந்தோஷ்குமாருக்கு வயிற்றுப் புண் இருப்பதால் தினசரி மாத்திரை ஒத்துக்கொள்ளாது. அவனுக்கு வாரம் ஒன்று. நாளை ஞாயிற்றுக்கிழமையே தொடங்க வேண்டும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கினால்தான் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று இங்கேயே தெரியும். கெட்ட கனவு, காரணமில்லாத பயம், தலைசுற்றல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே கூப்பிட வேண்டும். சென்னியப்பனுக்கு தினம் ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக் கூடாது, வெயிலில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும். ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் இரண்டு பேரும் நிறுத்தவே கூடாது. மாத்திரை போட்டாலும் கொசுவலை வேண்டும். காய்ச்சல் வந்தால், திரும்பி வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும், ஆப்பிரிக்கா போனதைச் சொல்லி இரத்தம் பார்க்க வேண்டும்.

"கடைசியா ஒண்ணு. ஒருத்தர் மாத்திரைய இன்னொருத்தர் போடக் கூடாது. அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி."

இத்தனையும் வசந்தாமணியின் காதில் விழுந்தது. மனதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பிக்கு நாளைக்கே மாத்திரை. அண்ணனுக்கு இன்னும் மூன்று வாரம் கழித்து.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏனுங்க, உங்க தம்பிக்கு ஒசந்த மாத்திரை, உங்களுக்கு மட்டும் ஏனுங்க மட்டம்?"

"மாத்திரையில என்ன ஒசத்தி மட்டம்? நான் மிஷின்ல நிக்கறவன். எனக்கு எது ஒத்து வருமோ அதக் குடுத்திருக்காங்க."

"அரை மணி நேரம் உள்ள என்ன பேசுனீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா அரை மணி நேரம் பேசுனீங்க?"

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். அந்த மௌனம்தான் வசந்தாமணியின் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. கட்டிய மனைவிக்கு ஒன்றுமில்லை, கஞ்சி போட்ட சேலைக்காரிக்கு அரை மணி நேரம்!

அன்று மாலை மைதிலி நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "அக்கா, நாமக்கல் போறீங்களா? இந்தச் சீட்டோட போட்டோவ உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். எங்கூட்டுக்காரருக்கு மாத்திரை வாங்கிட்டு வந்துருங்கக்கா. நாளைக்குப் போடோணும்."

நாமக்கல் மருந்துக் கடையில் வசந்தாமணி போனை நீட்டினாள். கடைக்காரர் அட்டைகளை எடுத்து வைத்தார். அந்த நொடியில் அவள் வாய் தானாகப் பேசியது.

"இன்னொரு அட்டை சேத்திக் குடுங்க."

வீட்டுக்கு வந்து மைதிலியின் பங்கை மைதிலியிடம் கொடுத்தாள். தன் பங்கை, மாத்திரைகள் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் அடியில் வைத்தாள். பங்காளி வீட்டுக்கு ஒரு கூறு என்றால் தன் வீட்டுக்கும் ஒரு கூறு. இதில் என்ன தப்பு? தன் புருஷனுக்கும் கொசு கடிக்காதா? அவருக்கு மட்டும் அந்த நாட்டுக் காய்ச்சல் பாவம் பார்க்குமா?

மறுநாள் ஞாயிறு. கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனிடம் மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள். "மூட்டு வலிக்கு எனக்கு எழுதுனாங்கல்ல, டி வைட்டமின். வாரத்துக்கு ஒண்ணு. நீங்களும் போடுங்க, தெம்பா இருக்கும்."

அவள் கொடுத்ததை என்னவென்று கேட்டுப் பழக்கமில்லாதவன் சென்னியப்பன். வாயில் போட்டுக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தோஷ்குமார், "மைதிலி, தண்ணி குடு, மாத்திரை போடோணும்" என்று சொல்வது கேட்டது. வசந்தாமணிக்கு உள்ளம் குளிர்ந்தது. இரண்டு கூறும் சமம்.

அந்த வாரம் சென்னியப்பனின் தூக்கம் கெட்டது. மத்தியானம் கட்டிலில் கண்ணயர்ந்தவன் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "வெளியில யாரு நிக்கறது?" என்று கேட்டான். யாரும் இல்லை.

இரண்டாவது ஞாயிறும் வந்தது. இரண்டாவது மாத்திரையும் உள்ளே போனது. அதன் பிறகு அவன் ஆளே மாறிப்போனான். தட்டில் சோறு அப்படியே இருந்தது. நடந்தால் தரை ஆடுவது போல் சுவரைப் பிடித்தான். நாமக்கல் பள்ளி விடுதியில் படிக்கும் மகள் கனிஷ்கா போனில் பேசியபோது, "சரி சாமி, சரி சாமி" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

தாலி கட்டிக்கொண்டவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. ஆனால் பொறாமை கண்ணில் படர்ந்தால் எதிரே இருப்பது வேறு ஏதோவாகத்தானே தெரியும்! அந்தப் பக்கம் சந்தோஷ்குமார் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பெட்டி கட்டினான். அவனுக்கு அந்த மாத்திரை எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. மைதிலி அவனுக்காக முறுக்கு சுட்ட வாசனை சுவரைத் தாண்டி வந்தது. வசந்தாமணி தன் புருஷனிடம் சீறினாள்.

"உங்க தம்பி பொட்டி கட்டி முடிச்சாச்சு. நீங்க மொட்டச் செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கீங்க. பயமா? பொம்பள நானே போயிருவேன் போல இருக்குது!"

சென்னியப்பனின் மனதில் ஓடியது அவளுக்குத் தெரியாது. 'திரும்பி வந்துருச்சு. இருபது வருசம் கழிச்சு, ஒரு காரணமும் இல்லாம, தானா திரும்பி வந்துருச்சு. இனி இது போகாது' என்று அவன் தன்னந்தனியே நடுங்கிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின நாள். காலையில் காபியைத் தொடாமல் எழுந்தவன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். "வசந்தா, கனிஷ்காவ நல்லாப் பாத்துக்க" என்றான்.

"நான் பாக்காம யாரு பாக்கறா? போறதுக்கு இன்னும் ஒரு வாரம் கெடக்குது. இப்பவே என்ன?" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் வசந்தாமணி. அவன் தோட்டத்துப் பாதையில் நடந்து போனான்.

சற்று நேரத்தில் மைதிலி ஓடி வந்தாள். "அக்கா, கவினுக்கு உடம்பு லேசாச் சுடுது. காய்ச்சல் மாத்திரை இருக்குதுங்களா?" கவின் மைதிலியின் மகன், ஒன்பது வயது.

"டப்பாவுல பாரு" என்றாள் வசந்தாமணி, கை மாவாக இருந்ததால்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் மைதிலி டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். அவள் கையில் அந்த அட்டை இருந்தது. இரண்டு குழி காலி.

"அக்கா... இது இங்க எப்படி?"

"உன்ர ஊட்டுக்காரரு மட்டும்தான் போடோணுமா? எங்கூட்டுக்கு வேண்டாமா?"

"பெரிய மாமாவுக்கா குடுத்தீங்க?"

"ஆமா, குடுத்தேன். அதுக்கென்ன இப்ப? உன்னைக் கேட்டுத்தான் குடுக்கோணுமா?"

மைதிலியின் முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா! அவியளுக்கு இது ஆகாதுக்கா! எங்கூட்டுக்காரருகிட்ட டாக்டரம்மா கேட்டாங்களாம், மனசுக்கு எப்பவாவது வைத்தியம் பாத்திருக்கீங்களான்னு. பாத்திருந்தா இத தொடவே கூடாதுன்னாங்களாம். அப்ப அண்ணனுக்கு இத எழுத மாட்டாங்கன்னு அவரு எங்கிட்டச் சொன்னாரு..."

"ஏன் எழுத மாட்டாங்க? அவியளுக்கு என்ன வைத்தியம்?"

மைதிலி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவள் கண் சொன்னது. ஆனால் இனி மறைக்க நேரமில்லை. மாமனார் இறந்ததையும், அந்த ஒரு வருடத்தையும், சேலம் வைத்தியத்தையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"உனக்கு எத்தன வருசமாத் தெரியும்?" வசந்தாமணியின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"கல்யாணமான புதுசுலயே... அவரு சொன்னாரு. ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

பதினொரு வருடம்! கோலத்தில் முந்தினாள், பொறுத்தாள். ஸ்கூட்டரில் முந்தினாள், பொறுத்தாள். தன் புருஷனின் கண்ணீரைக்கூட இவள் அல்லவா முதலில் அறிந்திருக்கிறாள்! மாமியாருக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும், ஓரகத்திக்குத் தெரியும், அஸ்தம்பட்டி டாக்டருக்குத் தெரியும். பக்கத்தில் படுத்த பாவிக்கு மட்டும் தெரியாது.

வசந்தாமணி அட்டையைப் பிடுங்கினாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டுவிட்டால் போயிற்று. மைதிலியின் வாயை ஒரு அதட்டலில் மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. யார் முன்னாலும் தலை குனிய வேண்டியதில்லை.

'கனிஷ்காவ நல்லாப் பாத்துக்க.'

காலையில் கேட்ட அந்தக் குரலின் பொருள் இப்போதுதான் அவள் மார்பில் இடியாக இறங்கியது. மாவுக் கையோடு, அட்டையை இறுகப் பிடித்தபடி, செருப்பில்லாமல் தோட்டத்துப் பாதையில் ஓடினாள். "சாமி, சாமி" என்று மட்டும் வாய் அரற்றியது. அறுத்த சோளத்தட்டையின் அடிக்கட்டை காலைக் கிழித்தது. கிணற்று மேட்டைப் பார்த்த கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கிணற்று மேட்டில் அவன் இல்லை.

எதிர்ப்பக்கம், தோட்டத்தின் கடைசி வரப்பில், வேப்பமரத்துக்குக் கீழே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் மரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க!"

"கிட்ட வா வசந்தா. கெணத்துப் பக்கம் போகக் கூடாதுன்னுதான் இங்க வந்து ஒக்காந்திருக்கேன். என்னைய விட்டுட்டுப் போகாத."

அவள் அவன் காலடியில் விழுந்தாள். அட்டையை அவன் முன்னால் வைத்தாள். "நான்தானுங்க பண்ணிப்போட்டேன். டி வைட்டமின்னு பொய் சொல்லி உங்க தம்பி மாத்திரையக் குடுத்துப்போட்டேன். அவருக்குக் குடுத்தாங்க, உங்களுக்குக் குடுக்கலயேன்னு வயிறு எரிஞ்சுபோச்சுங்க. என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க!"

சென்னியப்பன் அட்டையை எடுத்தான். காலியான இரண்டு குழிகளையும் விரலால் தடவினான். அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் அழுதான். அழுகைக்கு நடுவில் கேட்டான்.

"அப்ப... இது மாத்திரையோட வேலையா? தானா வரலயா?"

"இல்லீங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. எல்லாம் இந்தச் சண்டாளி வேலைங்க."

அவள் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். அன்று சொன்ன அந்த ஒரு உண்மை அவன் தோளிலிருந்து ஒரு மலையை இறக்கி வைத்தது.

மைதிலி ஸ்கூட்டரில் போய்க் கார் பிடித்து வந்தாள். மத்தியானத்துக்குள் அஸ்தம்பட்டியில் இருந்தார்கள். வசந்தாமணி டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. எந்த ஞாயிறு, எத்தனை மாத்திரை, என்ன பொய் என்று வரிசையாகச் சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று நின்றாள். டாக்டர் அட்டையை வாங்கிக் கீழே குப்பைக் கூடையில் போட்டார்.

"மூணாவது போடறதுக்கு முன்னாடி வந்தீங்க. இனி ஒண்ணுகூடக் கூடாது. ஆனா இந்த மருந்து ஒரு நாள்ல உடம்பை விட்டுப் போகாது. வாரக்கணக்குல இருக்கும். அதுவரைக்கும் இவரைத் தனியா விடாதீங்க. மனநல டாக்டர் ஒருத்தரை இன்னைக்கே பாத்துடலாம். இந்தத் தடவை பயணம் வேண்டாம்."

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படிப் பண்ணியிருப்பனுங்களா?" என்று கேட்டுவிட்டாள் வசந்தாமணி. கண்ணீரிலும் அந்த எரிச்சல் போகவில்லை.

"அது அவர் எங்கிட்டச் சொன்னதுங்க. அதை உங்ககிட்டச் சொல்றது என் வேலை இல்ல, அவர் வேலை" என்றார் டாக்டர் மெதுவாக.

அடுத்த வாரம் சந்தோஷ்குமார் மட்டும் கிளம்பினான். அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் காரில் ஏறினான். தன் பையில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் பத்திரமாக வைத்திருந்தான். மைதிலியின் போனில் தினமும் வீடியோ வந்தது. செம்மண்ணும், கொசுவலைக் கட்டிலும், ரிக்கும். "அக்கா, வந்து பாருங்க" என்பாள். வசந்தாமணி போய்ப் பார்ப்பாள். வயிறு எரியும். எரியட்டும் என்று விட்டுவிட்டுப் புருஷனிடம் திரும்பி வருவாள்.

ஆறு வாரம். அவனை நிழல் போல் தொடர்ந்தாள். முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்கினான். நான்காவது வாரம் சாம்பாரில் உப்புக் குறைவு என்றான். அவள் அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள்.

ஆனால் அந்தப் பழைய கதையை மட்டும் அவன் அவளிடம் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது அவள் பங்கு ஆகுமா? அவனாகத் தர வேண்டும். ஒவ்வொரு நாளும் அவன் வாயைப் பார்த்தபடி காத்திருந்தாள். டாக்டரிடம் அரை மணி நேரம் பேசிய அந்த வாய், தன்னிடம் திறக்கவில்லையே என்ற ஏக்கம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆறாவது வாரக் கடைசியில் டாக்டர் அறிவுமதி அவனைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். மனநல டாக்டரும் சரி என்று எழுதியிருந்தார். "இன்னும் ரெண்டு மாசம் போகட்டும். அடுத்த வண்டியில போறதுன்னா உங்களுக்கு எழுதின தினசரி மாத்திரைதான். நீங்களே அட்டையைப் படிச்சு, நீங்களே எடுத்துப் போடணும்" என்றார். சென்னியப்பன் சிரித்தான். வசந்தாமணி தலை குனிந்தாள்.

நாமக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் அவன். ராசிபுரம் தாண்டிய பிறகு, யாரும் கேட்காமலே, அவன் பேசத் தொடங்கினான்.

"நம்ம கல்யாணம் பேசி முடிச்ச பொறவு ஒரு நா, உங்க ஊருக்கு வண்டி எடுத்துக்கிட்டுத் தனியா வந்தேன்."

"எதுக்குங்க?"

"உங்கிட்டச் சொல்றதுக்குத்தான். எனக்கு இந்த மாதிரி சீக்கு இருந்துச்சு, வேண்டாம்னா சொல்லிரு, நான் நிறுத்திக்கறேன்னு. அம்மாவுக்குத் தெரியாம வந்தேன்."

வசந்தாமணி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"தெருக்கொழாய்ல நீ சண்ட போட்டுட்டிருந்த. ஒரு புள்ள உன்னைய விட ஒரு கொடம் கூடுதலாப் புடிச்சுப்போட்டாளாம். அவ கொடத்தத் தூக்கிக் கீழ ஊத்திப்போட்டு, இப்ப சரியாப்போச்சுன்ன பாரு... வண்டி மேல ஒக்காந்துட்டுச் சிரிச்சேன். அப்பா செத்த பொறவு அன்னைக்குத்தான் சிரிச்சேன். சிரிச்சுட்டு, சொல்லாமத் திரும்பிப் போயிட்டேன். சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு பயம்."

பஸ் ஒரு வேகத்தடையில் குலுங்கி ஓடியது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது. துடைக்காமலே கேட்டாள்.

"இத டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"இதெல்லாமா டாக்டர்கிட்டச் சொல்லுவாங்க?"

"உங்க தம்பிக்கு? மைதிலிக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கு மட்டுந்தான்."

வசந்தாமணி அந்த வார்த்தையை அப்படியே உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள். பங்கு கேட்க இதில் யாரும் இல்லை. புதன்சந்தையில் ஒரு கூட்டம் ஏறி இறங்கிய பிறகு, மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க... அந்தக் கொழாயடியில நின்னாளே, அவளையும் பாத்தீங்களா?"

"எவள?"

"கொடத்துக்காரிய. பாக்க நல்லா இருந்தாளா?"

சென்னியப்பன் சத்தம் போட்டுச் சிரித்தான். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.